ஒரு லோடு உபயம்

வள்ளித்தாய் தன்னுடைய பழைய ரேடியோவைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றபோது, கொட்டகையில் இருந்ததே அந்த ரேடியோவும், துருப்பிடித்த ஒரு இஸ்திரிப்பெட்டியும், வயர் அறுந்த ஒரு டெலிபோனும்தான்.

“குடுத்ததத் திருப்பிக் கேக்கலாமாக்கா?” என்றாள் பொன்மணி.

“நான் என்னத்த செய்ய? வீட்டுல என்னென்ன கரண்டு சாமான் இருக்குன்னு கணக்கெடுக்கத்தான் கவர்மெண்டு ஒன்ன இங்கன உக்கார வெச்சிருக்காம்ல. ரேடியோ வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா இலவசக் கலர் டிவில என் பேர அடிச்சுருவாக.”

“இத யாரு சொன்னா?”

“நீதான் மைக்கு வெச்சு சொன்னியாம்.”

அது ஒரு விதத்தில் உண்மைதான். முந்தின நாள் பொன்மணி ஆட்டோவில் மைக் கட்டி ஆமத்தூர் முழுக்கச் சுற்ற விட்டிருந்தாள். மைக்காரருக்கு வீட்டு வரி பாக்கியை அறிவித்துத்தான் பழக்கம். அதே குரலில், “வீட்டில் டிவி, ரேடியோ, செல்போன் வைத்திருப்போர் உடனடியாகக் கொட்டகைக்கு வரவும்” என்று தெருத்தெருவாக மிரட்டிவிட்டுப் போனார். வீடு வீடாக அரசாங்கம் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஆமத்தூருக்கு இன்னும் வந்து சேரவில்லை. பழைய டிவிகளெல்லாம் அன்று மாலையே நெல் மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

வள்ளித்தாய் ரேடியோவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். இஸ்திரிப்பெட்டியும் டெலிபோனும் மிஞ்சின.

கொட்டகை அரசாங்கப் பணத்தில் கட்டியது. பழுதாகிப்போன டிவி, ரேடியோ, போன்களைக் குப்பையில் கொட்டி எரிக்காமல் ஓரிடத்தில் சேர்த்து, வகை பிரித்து, சென்னையில் முறையாகப் பிரித்தெடுக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்று என்று முயன்று பார்த்தார்கள். இங்கே அது பொன்மணியின் மகளிர் குழுவுக்குக் கிடைத்தது. ஆனால் ஒரு வருஷத்துக்குத்தான் பணம். மார்ச் கடைசி நாள் சென்னையிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார், அவர் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் மேற்கொண்டு பணம் வருவதும் கொட்டகையைப் பூட்டுவதும் இருக்கிறது என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு லாரி லோடாவது நிற்க வேண்டும்.

குழுவில் இருந்த எல்லாப் பெண்களும் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள். பொன்மணியின் கணவன் முனியராஜும் அங்கேதான் இருந்தான். இரண்டு தீபாவளிக்கு முன்னால் ஒரு மத்தியானம், அவன் இருந்த அறை இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு பொன்மணி கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. குழுவில் இருந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராக இறக்கிவிட்டாள். கொட்டகையைப் பூட்டினால் எல்லாரும் திரும்ப ஏற வேண்டும். அவள் பயந்தது அதற்குத்தான்.

மைக் செய்ததைச் சரிக்கட்ட வீடு வீடாகப் போனாள். போன இடமெல்லாம் தண்ணீர் கொடுத்தார்கள், டிவி கொடுக்கவில்லை. கடைசியாகச் சோலையம்மாள்தான் கேட்டாள். அவளும் குழுவில் இருப்பவள்தான்.

“ஊரு சாமானெல்லாம் கேக்கியே, நீ ஒன் டிவியக் குடுத்தியா?”

பொன்மணி நேராக வீட்டுக்குப் போனாள்.

அது கறுப்பு வெள்ளை டிவி. இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்தது. முனியராஜ் போனஸ் வாங்கின கையோடு விருதுநகர் போய், பஸ்காரர் ஏற்ற மாட்டேன் என்று சொன்னதால் தலையில் வைத்து நடந்தே கொண்டுவந்தது. படம் நின்று ரொம்ப நாளாயிற்று. இருந்தாலும் தினமும் துடைத்து, கதவைச் சாத்தி வைப்பாள்.

கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கை வரவில்லை. வெளியே பாலகுரு கொட்டகைப் பலகைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே பாலகுரு, இதுல ஒங்க அண்ணன் பேர எழுது.”

“எப்படி மதினி எழுத?”

“மரியாதையா எழுது.”

அவனுக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான். கோயில் ட்யூப் லைட்டுகளில் எழுதுவதைப் போலவே, சிவப்பு எழுத்தில், ‘உபயம்: காலஞ்சென்ற முனியராஜ் நினைவாக, ஆமத்தூர்’ என்று எழுதிக் கீழே ஒரு பூவும் போட்டான்.

மறுநாள் காலையில் சோலையம்மாள் மிக்ஸியோடு வந்து நின்றாள். டிவியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“என் பேருக்கும் இந்த மாதிரி பூ போடுவானா?”

அன்று மத்தியானத்துக்குள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த டிவிகள் எல்லாம் வெளியே வந்தன. குப்பையாகக் கொடுக்க ஆள் இல்லாத ஊரில், உபயமாகக் கொடுக்க வரிசை நின்றது. வள்ளித்தாய் ரேடியோவைத் திரும்பக் கொண்டுவந்தாள். கூடவே பேரன் பேத்திகள் பெயரையும் சொன்னாள்.

“ரேடியோவுல இம்புட்டுத்தான் எடம் இருக்கு பெரியம்மா,” என்றான் பாலகுரு.

“அந்தத் திருகு மேல எழுதுறது.”

ஒருவர் செல்போன் கொண்டுவந்தார். முன்பக்கம் ‘உபயம்’ என்று எழுதியதிலேயே இடம் முடிந்துவிட்டது. ‘பெயர் பின்புறம் காண்க’ என்று பாலகுரு பக்கவாட்டில் எழுதினான். பெயிண்ட் தீர்ந்து மூன்று தடவை சிவகாசிக்கு ஆள் அனுப்பினார்கள்.

விருதுநகரில் பருப்பு மில் வைத்திருந்த சீனிவாசகம் அண்ணாச்சி சேதி கேள்விப்பட்டு, மில்லில் இருந்த பழைய கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு தானே வந்தார்.

“எழுத்து பெருசா இருக்கணும் தம்பி. மில்லு பேரு மேல, அப்பா பேரு கீழ. போன் நம்பரும் போட்டுரு.”

“உபயத்துல போன் நம்பர் போட மாட்டாகளே அண்ணாச்சி.”

“சாமிக்குப் போடுறதுலதான் போடக்கூடாது. இது கவர்மெண்டுக்கு.”

கொட்டகை நிரம்பி வழிந்தது. பொன்மணி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

லாரி வந்ததும் அடுத்த சிக்கல் தொடங்கியது. சாமான்களை ஏற்ற ஆரம்பித்தவுடன் ஊர் கூடிவிட்டது.

“எங்கன கொண்டு போறீக?”

“சென்னைக்கு. அங்கன பிரிச்சு, செம்பு தனியா, கண்ணாடி தனியா எடுப்பாக.”

“ஒடைப்பாகளா?” என்றாள் சோலையம்மாள். “பேரு எழுதுன பொருள ஒடைக்கலாமா? கோயிலுக்குப் பித்தள வெளக்கு குடுத்தா, உருக்கி வித்துருவாகளா?”

குழுவுக்குள்ளேயே கலகம். ஆளாளுக்குத் தங்கள் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொன்மணி லாரிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே ஒன்றைச் சொன்னாள்.

“அக்கா, இங்கனயே கெடந்தா ஒங்க பேர யாரு பாப்பா? நாமதான். பேரு வெளிய தெரியுற மாதிரி அடுக்கி அனுப்புனா, இங்க இருந்து சென்னை வரைக்கும் ரோட்டுல போறவுக எல்லாம் படிப்பாக.”

கூட்டம் ரோட்டைத் திரும்பிப் பார்த்தது. சோலையம்மாள் மிக்ஸியை விட்டாள்.

“அப்படின்னா என்னோடத வெளி வரிசைல வை.”

கூட்டம் மறுபடியும் கத்தத் தொடங்கியது. ஒரு லாரிக்கு மூன்று பக்கம்தான் வெளியே தெரியும். உள்ளே அடுக்கப்படுகிறவர்கள் எல்லாரும் உள்ளே போக மறுத்தார்கள். பங்குனிப் பொங்கலுக்கு முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கிற சண்டையில்கூட இவ்வளவு பேர் பேசியதில்லை. சீனிவாசகம் அண்ணாச்சி லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“பின்பக்கம் எனக்கு. பின்னால வர்ற வண்டிக்காரன் மதுரை வரைக்கும் வேற என்னத்தப் படிப்பான்? நம்ம மில்லத்தான் படிக்கணும்.”

இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி, அதிகாரி வரும் நாள் காலையில்தான் கயிறு கட்டி முடித்தார்கள். முனியராஜின் டிவி எங்கோ உள்ளே போய்விட்டது. தன் பொருளுக்காகச் சண்டை போட பொன்மணிக்கு நேரமிருக்கவில்லை.

கொட்டகை வாசலில் காவலுக்கு இருந்தவர் சுடலை. உடம்பில் தெம்பு இருந்த காலமெல்லாம் பட்டாசுக் கம்பெனி கேட்டில் நின்றவர். வயதாகிவிட்டது என்று கம்பெனி அனுப்பிய பின் பல வருஷம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரைப் பொன்மணிதான் கூப்பிட்டு வைத்தாள்.

அதிகாரியின் பெயர் இராமகிருஷ்ணன். காரிலிருந்து இறங்கும்போதே காதில் போன். பேசி முடித்துவிட்டு நிமிர்ந்தால், முன்னால் ஒரு கை நீண்டிருந்தது.

“பீடி, தீப்பெட்டி, போனு,” என்றார் சுடலை.

“நான் பீடி குடிக்கிறதில்லை.”

“அப்பம் போன மட்டும் குடுங்க.”

“எதுக்கு? இது பட்டாசுக் கம்பெனி இல்லையே.”

பொன்மணி ஓடி வந்தாள். “மன்னிக்கணும் சார். கேட்டுலயே நின்ன மனுசன். பழக்கம் விடல. எங்களுக்கும் அப்படித்தான். உள்ள வர்றப்ப ஹேர்பின்னக் கூடக் கழட்டிட்டுத்தான் வர்றோம். வேண்டாம்னாலும் கை அதுவாப் போயிருது.”

இராமகிருஷ்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தூணடியிலும் மணல் வாளி, தண்ணீர் வாளி. பெண்கள் நாலு நாலு பேராக, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து பழைய போன்களை வகை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சார்ஜரைக் கீழே வைக்கும்போதுகூடச் சத்தமில்லாமல் வைத்தார்கள். அவர் போனைச் சுடலையின் கையில் கொடுத்தார். காரோட்டி, விருதுநகருக்குப் போய் எண்ணெய் புரோட்டா சாப்பிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் காரோடு போனார்.

அதிகாரி நிதானமாகப் பார்த்தார். லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

“இது என்னம்மா, டிவில எல்லாம் உபயம்?”

“பேரு போட்டாத்தான் சார் குடுக்காக.”

“மிக்ஸில பூ வேற.”

“அது சோலையம்மா அக்கா கேட்டுக்கிட்டாக.”

அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு.

“சரி, போனைக் குடுங்க. அஞ்சு மணிக்குள்ள சென்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியாகணும். இன்னையோட வருஷக் கணக்கு முடியுது. அப்புறம் நான் சொல்லிப் பிரயோஜனமில்லை.”

பொன்மணி கேட்டுக்கு ஓடினாள். அந்த ஒரு வார்த்தை. “சித்தப்பா, சாரோட போனு.”

சுடலை தலையைச் சொறிந்தார். “இங்கன ஒரு அட்டைப்பெட்டி இருந்துச்சுல்ல தாயி. அது மேல வெச்சேன்.”

“எந்த அட்டைப்பெட்டி?”

“பழைய போனெல்லாம் கெடந்துச்சே.”

அந்தப் பெட்டி அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் லாரியில் ஏறியிருந்தது. இடம் போதாமல் கயிற்றை அவிழ்த்து, நடுவில் எங்கோ திணித்திருந்தார்கள்.

பொன்மணி தன் போனிலிருந்து அவர் நம்பருக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது.

“கத்திக்கிட்டே இருக்கும்னு அமத்திப்புட்டேன்,” என்றார் சுடலை.

“என் போன்ல பேசுங்க சார்.”

“நம்பர் எல்லாம் அதுக்குள்ளதாம்மா இருக்கு. எனக்கு என் நம்பரைத் தவிர ஒண்ணும் ஞாபகமில்லை.”

ஒன்றிய அலுவலகத்துக்கு அடித்து நம்பர் கேட்கலாம் என்று பார்த்தார்கள். மார்ச் கடைசி நாள். அங்கே எந்தப் போனும் சும்மா இல்லை.

“எறக்குங்க,” என்றாள் பொன்மணி.

ஊரே இறங்கியது. அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லாரியில் ஏறினார். மேலிருந்து அவர் எடுத்துக் கொடுக்க, கீழே பெண்கள் வாங்கி வாங்கி வைத்தார்கள். அந்த அவசரத்திலும் சோலையம்மாள் குரல் கேட்டது. “மெதுவா சார். அது எங்க மாமியா பேருல குடுத்தது.”

“இதா?”

“அதில்ல. அது எம் பேரு. அதையும் மெதுவா.”

முனியராஜின் டிவி பொன்மணி கைக்கே வந்தது. ஏற்றும்போது அவள் பார்க்கவில்லை. இப்போது மரக்கதவு லேசாகத் திறந்திருந்தது. சாத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டினாள்.

அட்டைப்பெட்டி கிடைத்தது. கொட்டிப் பார்த்தார்கள். எல்லாம் ‘உபயம்’ எழுதின போன்கள். எழுதாதது ஒன்றும் இல்லை.

“அந்தப் பெட்டி இல்ல போலருக்கு தாயி. ஒண்ணு டிரைவர் சீட்டுக்கு அடில வெச்சாக,” என்றார் சுடலை. அங்கேயும் இல்லை. “அப்பம் கம்ப்யூட்டர் பெட்டியோ என்னமோ.” அண்ணாச்சியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் பிரித்தார்கள். அண்ணாச்சியே திருப்புளியோடு குனிந்திருந்தார்.

தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதியது. ஐந்து மணி.

எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். ரோடு வரைக்கும் டிவியும் ரேடியோவும் பரந்து கிடந்தன. இராமகிருஷ்ணன் லாரியின் விளிம்பில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

“அவ்வளவுதான்மா. இனிமே சொல்லிப் பிரயோஜனமில்லை.”

குழுவில் இளையவள் ஒருத்தி மெல்லக் கேட்டாள். “கம்பெனி பஸ்ஸு இப்பமும் ஏழு மணிக்குத்தான் வருதாக்கா?”

பொன்மணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

அப்போதுதான் சுடலை தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சார், சாப்புடலாம்னு தெறந்தேன். இதுக்குள்ள கெடக்கு.”

மேலெல்லாம் ரசம் ஒட்டியிருந்த போனை வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். இராமகிருஷ்ணன் அவரைச் சற்று நேரம் பார்த்தார். போனை உயிர்ப்பித்ததும் அது அடித்தது.

“சார்... ஆமா சார். போன் கையில இல்லை சார்... இல்லை சார், நான் பேசல... போட்டுட்டீங்களா?... அப்படியா சார்... சரி சார்.”

போனைப் பைக்குள் வைத்தார்.

“பணம் வந்துரும்மா. மூணு வருஷத்துக்கு. கையெழுத்து ஆகிருச்சு.”

“நீங்க ஒண்ணுமே சொல்லலையே சார்,” என்றாள் பொன்மணி.

“நான் சொல்லாததுனாலதான்மா,” என்றார் அவர்.

இத்தனை பெரிய அதிகாரிக்கு எவ்வளவு அடக்கம் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குலவைச் சத்தம் ரோடு தாண்டிக் கேட்டது. அண்ணாச்சி தன் வேனிலிருந்து துண்டை எடுத்து வந்து அதிகாரிக்குப் போர்த்தினார். பாலகுரு, அவர் பெயரை எதிலாவது எழுதட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொன்னவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்திருந்த காரில் ஏறுவதற்கு முன்னால் முனியராஜின் டிவி பக்கம் நின்று அதில் எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்தார். “நல்லாத்தான் நடத்துறீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரியை மறுபடி ஏற்றினார்கள். இந்தத் தடவை சண்டை இல்லை. பின்கதவுக்கு அவரவர் ஒதுங்கி வழிவிட்டபோது, சீனிவாசகம் அண்ணாச்சி தன் கம்ப்யூட்டரைத் தானே உள்ளே தள்ளினார்.

“பின்பக்கம் முனியராஜ் இருக்கட்டும்மா. மதுரை வரைக்கும் அவன் பேரப் படிக்கட்டும்.”

லோடு கிளம்பியது. சிவப்பு எழுத்துகளும் பூக்களுமாக, தேர் போல ஆடிக்கொண்டு ஆமத்தூர் ரோட்டில் அது மறைகிற வரைக்கும் குலவை நிற்கவில்லை.

எல்லாரும் போன பிறகு, பொன்மணி கேட்டைச் சாத்த வந்தாள். சந்தோஷத்தில் கோபம் பாதி கரைந்திருந்தது. மீதியைச் சுடலையிடம் காட்டினாள்.

“என்ன சித்தப்பா இப்படிப் பண்ணிட்டீக? நல்ல நேரம், தப்பிச்சோம். அந்தக் கம்பெனிப் பழக்கத்த இனிமேலாவது விடுங்க. கேட்டுல போன் வாங்குறதெல்லாம் இங்க வேண்டாம்.”

சுடலை தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே சொன்னார். “நான் கம்பெனி கேட்டுல நின்ன காலத்துல செல்போனுன்னு ஒண்ணு ஏது தாயி?”

பொன்மணி கை கேட்டிலேயே நின்றது.

“அந்த ஐயா கார்ல இருந்து எறங்கையில, ‘இதப் பூட்டிரலாம் சார், சும்மா ஒரு பார்வை பாத்துட்டு, பணம் வேண்டாம்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லிருதேன், சொல்லலேன்னா தன்னால பாஸாயிரும்ல’னு பேசிக்கிட்டே வந்தாக, அதான் வாங்கி வெச்சேன்.”